ஸ்டார்ட் பட்டன் பெயர்ச்சி பலன்கள்

குருப்பெயர்ச்சிக்குப் பலன் எழுதுவோரையே மிஞ்சும் அளவுக்கு, அடுத்த விண்டோஸ் எப்படி இருக்கும் என்று ஆரூடம் சொல்ல ஆள் இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்து பெயர்ந்தது ஸ்டார்ட் பட்டன்தான். 2012இல் விண்டோஸ் 8 அதைத் தூக்கியது. பயனர்கள் போட்ட கூச்சலில் 2013இல் 8.1 திருப்பி வைத்தது. 2021இல் விண்டோஸ் 11 அதை இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. பழைய இடமே வேண்டும் என்போருக்கு, செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதியைக் குடைந்தால் ‘இடது’ என்றொரு பரிகாரமும் உண்டு. விண்டோஸ் 10தான் கடைசி என்று 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் சொன்ன வாக்கு மட்டும் பலிக்கவில்லை.

பாதுகாப்பு மேம்படவில்லையா என்று கேட்கலாம். மேம்பட்டிருக்கிறது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, குறியாக்கச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கிறது. ஆனால் அது இல்லாத, நன்றாக ஓடும் கணினிகளின் கதி? 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. கூடவே, 30 டாலரோ, செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கிளவுடில் சேமிக்கச் சம்மதமோ கொடுத்தால் இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்றார்கள். ஆக, பழையதைக் காப்பாற்ற முடியாது என்பதல்ல, சும்மா காப்பாற்ற மாட்டோம் என்பதே சேதி. புதியதை ஓட்டிப் பார்க்கும் முன், பழையதில் எது ஓடவில்லை என்று ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.