தம்புள்ளைக்கு ஒரு டிக்கட்

மாத்தளையில் தெருவுக்கொருவர் இப்படி இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வாசிப்பதெல்லாம் இளவட்டங்களின் நாவல். கேட்டால், "புள்ளைக கையில என்ன கிடக்குன்னு பெரியவங்க பாக்க வேணாமா?" என்பார், ஏதோ பொலிஸ் சோதனைக்குப் போகிறவர் மாதிரி. எங்கள் தெருவில் இந்தப் பதவி நாவல் மாமாவுடையது.

கண் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை கண்டிக்குப் போவார். திரும்பும்போது தம்புள்ளை பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்துப் புத்தகத்தைத் திறப்பார். பஸ் மாத்தளையோடு நிற்பதில்லை, வில்லங்கம் அங்கேதான். கதை சப்பென்றிருந்தால் மாத்தளையில் ஒழுங்காக இறங்கிவிடுவார். கொஞ்சம் ருசித்தால் அலுவிஹாரை, நடந்தே திரும்பலாம். பலாபத்வல என்றால் நல்ல நாவல். நாலந்தா, நாவுல எல்லாம் அபூர்வம். "எங்க நிக்கிறீங்க?" என்று கைபேசியில் கேட்டே மாமி புத்தகத்தை எடைபோட்டுவிடுவார்.

வாயால் சொல்லும் விமர்சனம் வேறு. கி.மு. முதல் நூற்றாண்டில் திரிபிடகத்தை ஓலையில் எழுதிவைத்தது அலுவிஹாரையில்தான்; ஆகவே பக்கத்து ஊர்க்காரரான தனக்கு எழுத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் பரம்பரை உரிமை உண்டு என்பது அவர் கட்சி.

"பள்ளிக்கூடம் பிடிக்காத ரெண்டு பயலுக தீவுக்கு ஓடுனா, மார்ட்டின் விக்கிரமசிங்க 1947ல 'மடோல் தூவ' எழுதுறாரு. 1976ல லெஸ்டர் படமே எடுக்கிறாரு. நம்ம தோட்டத்துப் பய ஓடுனா கொழும்புல சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறான். அவனுக்கு யாரு படம் எடுக்கிறது?" இந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. புத்தகம் பலாபத்வல.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அவருக்கு ஆகாது. "ஒரு ஓலையக் குடுக்க இம்புட்டு நாளா? நம்ம தபால்காரரே தேவல." அந்த ஐந்து பாகத்துக்கும் தம்புள்ளை வரை போனவர், மாமியிடம் சொன்ன சமாதானம்: "வந்தியத்தேவனே அங்கதானே வந்தான்!"

அவர் வாயடங்கும் நாவல் ஒன்றுண்டு. வீரகேசரி பிரசுரமாக 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்புக் காட்டில் வளர்ந்த பதஞ்சலியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அந்தப் புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தப் புத்தகத்தை மட்டும் மாமி பஸ்ஸில் கொண்டுபோக விடுவதில்லை. ஏறியது யாழ்ப்பாண பஸ்ஸாக இருந்துவிட்டால்?

போன மாதம் பேத்தி தமிழில் வந்த ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தைக் கொடுத்தாள். மறுநாள் மாமா வாசலில் நின்று முழங்கினார். "ஆந்தை கடிதம் கொண்டாருதாம்! ஒன்பதே முக்காலாம் மேடையில சுவத்துக்குள்ள பூந்து ரயிலேறுறானாம்! மாத்தளையோட ரயில் ரோட்டே முடியுது. இங்க எந்தச் சுவத்துல முட்டுனாலும் மண்டைதான் உடையும். குப்பை!"

உள்ளே மாமி கோவா நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரட், லீக்ஸ், போஞ்சி என்று ஒரு சாக்கு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மலிவாம்.

இன்றைக்கும் கிளினிக். இரண்டாம் புத்தகம் மாமாவின் கக்கத்தில் இருந்தது. "குப்பைன்னு சொன்னதுக்கு ஆதாரம் வேணுமே" என்றார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வெறும் சாக்கை மடித்து அவர் கையில் கொடுத்தார்.