35க்கும் 50க்கும் இடையில்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், எங்களுடைய மீன்பிடிப் பயணத் திட்டம் முழுக்க ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: “ஆற்றை கார்?” கார் முடிவானால் ஏரியும் முடிவாகிவிடும். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடினால் ஸ்காபரோவிலிருந்து கிழக்கே ரைஸ் ஏரி வரை போகலாம். புகை தள்ளினால் வடக்கே சிம்கோ ஏரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என்ன மீன் என்ற பேச்சு எழுந்ததாகவே நினைவில்லை. பட்டது எங்கள் மீன்.

இப்போது ஏரியில் பனிக்கட்டி உருகுவதற்கு முன்பே திட்டமிடல் தொடங்கிவிடுகிறது. அதற்கொரு வாட்ஸ்அப் குழு, குழுவுக்குள் வாக்கெடுப்பு, வாக்கெடுப்பில் தோற்றவர்களுக்கென்று இன்னொரு குழு. எங்கள் கூட்டத்தில் ஒரு பொறியியலாளர் இருக்கிறார். அவர் அனுப்பும் எக்ஸெல் தாளில் காற்றின் திசை, காற்றழுத்தம், நீரின் வெப்பம் எல்லாம் தனித்தனி நிறத்தில் வரும். அவருடைய இலக்கு, ரைஸ் ஏரியில் ஒரே நாளில் மூன்று இன மீன்: வோல்ஐ, பேர்ச், பாஸ்.

மூன்றும் ஒரே ஏரியில் இருந்தாலும் ஒரே நேரத்தில் பந்திக்கு உட்காருவதில்லை. மஞ்சள் பேர்ச் பகல் மீன். கூட்டமாய்த் திரியும், பொழுதுபட்டால் கண் மங்கி அடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் வோல்ஐ புறப்படும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. டோர்ச் அடித்தால் கண் பளிச்சென்று மின்னும். அரையிருட்டில் பேர்ச்சுக்கு வோல்ஐ தெரியாது. வோல்ஐக்குப் பேர்ச் நன்றாகத் தெரியும். பாஸ் இந்த வழக்கில் தலையிடாமல் நீர்ப்பாசி ஓரத்திலும் கல்லிடுக்கிலும் தன் பாட்டில் பதுங்கி நிற்கும்.

இதெல்லாம் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் வோல்ஐ பட்டது. காரணம் எங்கள் வேலை. உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். சமையலறையைத் துடைத்துவிட்டு வெளியே வர இரவு இரண்டு மணியாகும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழும்ப மாட்டோம் என்ற பயத்தில் நேரே ஏரிக்கு விடுவோம். விடியுமுன் கரையில் தூண்டிலோடு நிற்போம். வோல்ஐ மேயும் நேரம் சரியாக அதுதான். அதை நாங்கள் கைராசி என்று நம்பி, ஒருவனுக்கு ‘ராசிக்காரன்’ என்று பட்டமும் கொடுத்திருந்தோம்.

இப்போது அந்த நேரம் எக்ஸெல் தாளில் நிமிடக் கணக்கில் இருக்கிறது. ஆனால் பிறெஷர் குளிசை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். ஒருவருக்கு முழங்கால். காரோட்டிக்கு இருட்டில் கண் போதாது. போய்ச்சேரப் பத்து மணியாகிறது. வோல்ஐ சாப்பிட்டு முடித்து ஆழத்துக்குப் போய்விட்ட நேரம்.

சட்டமும் நிறைய. ரைஸ் ஏரிப் பக்கம் பாஸ் பருவம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கும். அதற்கு முன் ஆண் பாஸ் கூட்டைக் காத்துக்கொண்டிருக்கும். அதைத் தூக்கினால் முட்டைகளை மற்ற மீன்கள் துடைத்துவிடும். மோட்டர் படகு ஓட்டுகிற எல்லோருக்கும் 2009 முதல் படகோட்டி அட்டை கட்டாயம். எங்களில் ஒருவரிடம்தான் அது இருக்கிறது, ஆகவே அவர் கப்டன், அவருக்கு மறுபேச்சு இல்லை. ஒருவர் ஒரு தூண்டில்தான் போடலாம். அன்றைக்கு இருந்த ஒன்றை மாறி மாறிப் பிடித்தோம். இன்றைக்கு ஆளுக்கு ஒரு கட்டுத் தூண்டிலோடு வந்து, ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 65 வயதானவர்களுக்கு அனுமதிப்பத்திரமே வேண்டாம். எங்கள் மூத்த அண்ணை அந்த வரத்தைப் பெற்றுவிட்டார். ஓய்வூதியத்தைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது அளவுகோல். அங்கே பிடிக்கிற வோல்ஐ 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு வரும். குறைந்தாலும் விட வேண்டும், கூடினாலும் விட வேண்டும். சின்னது வளர வேண்டும், பெரியது கூடுதலாக முட்டையிடும் தாய் என்பது கணக்கு. படகில் இருக்கிற ஒருவரும் வயதில் இந்த அளவுக்குள் வரமாட்டோம் என்று கப்டன் சொன்னார். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை சோனாரோடு. அடியில் மீன் நிற்பது திரையில் தெரிகிறது. இரைக்குக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் தெரிகிறது. முன்பெல்லாம் மீன் இல்லையென்று ஆறுதல்பட்டோம். இப்போது மீன் இருக்கிறது, எங்களைத்தான் வேண்டாம் என்கிறது.

கடைசியாகப் போன அன்று மத்தியானம் காற்று எழும்பி ஏரி குழம்பியது. அலை வெளிச்சத்தை உடைத்துவிட்டால் வோல்ஐ பகலிலும் மேயும். இது எக்ஸெல் தாளில் இருந்தது. பொறியியலாளர்தான் அந்த நேரம் இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வளைந்தது அண்ணையின் தூண்டில். பொன்னும் பாசிப் பச்சையும் கலந்த உடம்பு, வாலின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டு, கண்ணாடிக் கண், வாய் நிறையக் கூரிய பல். பலகையில் வைத்தோம். 53.

“கூடிப்போச்சு, அண்ணை.”

“மூண்டு சென்ரிமீற்றர்தானே. வாலை ஒருக்கால் ஒடுக்கிப் பார்.”

வாலை ஒடுக்கித்தான் அளக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. ஒடுக்கினேன். இன்னும் கொஞ்சம் நீண்டது. அண்ணை அதை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்திருந்து விட்டார். விட்ட கையோடு, என்ன இருந்தாலும் இது குளத்து மீன்தானே, சேத்து மணம் அடிக்கும் என்றார். யாழ்ப்பாணத்தான் கடல்மீன் தின்று வளர்ந்தவன், நன்னீர் மீனை மதிப்பதில்லை. அந்த நாட்களில் அதை வெளியே சொல்ல எங்களிடம் காசிருக்கவில்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிக் கரையிலேயே பொரித்து, பாணோடு தின்றோம், முள்ளைக்கூடச் சப்பினோம். இப்போது குளிர்ப்பெட்டியில் கணவாய்க் கறி, சம்பல், மரவள்ளி எல்லாம் வருகிறது. மீன் பிடிக்கப் போகிற இடத்துக்கு மீன்குழம்பும் கொண்டுபோகிறோம்.

பிறகு பேர்ச் கொஞ்சம் பட்டது. சின்ன மீன்தான், ஆனால் கவனமில்லாமல் பிடித்தால் முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிடும். ஒரு பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறித் தூண்டில் முள்ளைக் கழற்றிக்கொண்டு போனது. ஆளுக்காள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரும்பினோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் வீட்டிலிருந்து அழைப்பு.

“என்னப்பா, மீன் ஏதும் பட்டதோ?”

“பேர்ச் கொஞ்சம் இருக்கு.”

“அப்ப வரேக்க கடையில ஒரு விளைமீன் வாங்கிக்கொண்டு வாங்கோ. தலையோட வாங்குங்கோ.”