காவிரிப் படுகையில் உட்காருதல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தஞ்சாவூரில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தவரை எதிர்கொள்ளும் முதல் தத்துவச் சிக்கல், ஹாலில் என்ன போடுவது என்பதாகும். செங்கல், கம்பி, டைல்ஸ் என்று கைக்காசு கரைந்தபின் எழும் கேள்வியாதலால், 'விலை குறைச்சலா, சிம்பிளா' என்னும் விடை கேள்விக்கு முன்பே வந்துவிடுகிறது. அவ்விடைக்கு எது பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் வழக்கு

பழைய மிராசுதார் வீட்டுச் சாமான்களில் பெரியது பத்தாயம். மேலே நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சிறு வாய் வழியே எடுக்கும் இம்மரப்பெட்டிக்கு வீட்டுக்குள் இடம்; மனிதருக்குத் திண்ணை. ஆகவே, டெல்டா வீட்டில் நெல் குடியிருக்கிறது, மனிதர் தங்கிப் போகிறார் என்பது பெறப்படும்.

3. வகைப்பாடு

அ) பாய்: வேலை முடிந்ததும் சுருண்டு மூலையில் நிற்கும் பண்புடையது. வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859-இல் செய்த 14-ஆம் எண் நாற்காலியை, பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 அடங்கும் என்று ஐரோப்பா இன்றும் வியக்கிறது. அதே பெட்டியில் எத்தனை கோரைப்பாய் அடங்கும் என்று அங்கே யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆ) தேக்கு: கல்லணைக் கால்வாய்க் கரையில் வரிசையாக நிற்பது. அரசுக்குச் சொந்தம். பார்க்கலாம், உட்கார இயலாது.

இ) பிரம்பு: கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் ஊரில், சிதம்பரம் – சீர்காழிச் சாலையோரக் கடைகளில் ஊஞ்சலாகவும் நாற்காலியாகவும் கிடைக்கும். பிரம்பு அசாமிலிருந்து வருகிறது; பேரம் உள்ளூரிலேயே விளைகிறது.

ஈ) பிளாஸ்டிக் நாற்காலி: பிரான்சின் ஆன்ரி மசோனே 1972-இல் ஒரே வார்ப்பில் செய்த வகையின் வழித்தோன்றல். காதுகுத்து, கருமாதி, கிராமசபை மூன்றிலும் முகம் மாறாது. பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது. ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் நாற்காலி மிதக்கும், சோபா ஊறும்.

உ) சோபா: பயன் மூன்று. துவைத்த துணியை மடிக்கும்வரை போட்டுவைக்கலாம், ரிமோட்டைத் தொலைக்கலாம், தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்போர் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். சம்பந்தி வந்தால் மட்டும் அதன்மேல் உட்காருவது மரபு.

4. விவாதம்

'சோபா கௌரவமாயிற்றே' என்பது எதிர்வாதம். ஏற்கத்தக்கதே, ஆனால் அந்தக் கௌரவத்தின் தலைமதகு மேட்டூரில் உள்ளது. வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வந்து, குறுவை விளைந்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் சரியென்று சொல்லி மூட்டையை எடை போட்டால்தான் தவணை கட்ட முடியும். ஆகவே சோபா பாசனப்பயிர், பாய் மானாவாரி என்க. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டிலும் பாய் விரியும்.

5. முடிவு

சாமானின் தரத்தை அளக்க மெத்தையை அழுத்திப் பார்ப்பது பிழையான முறை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, நனைந்த மூட்டைகள் ஹாலுக்குள் வரும்போது எது ஒதுங்கி இடம் விடுகிறதோ, அதுவே வாங்கத்தக்கது. இந்தத் தேர்வில் பாய் முதல் வகுப்பு; பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாம் வகுப்பு; பிரம்பு நாற்காலி, அதில் தாத்தா உட்காராத நேரத்தில் மட்டும் தேர்ச்சி. சோபா தோல்வி. மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்போர், சோபாவைத் தாமே வாசல்வரை தூக்கிவந்து காட்ட வேண்டும்.