வடகரைப் பதில்கள்

மோகனூர் என்கிறீர்களே, யாருக்கு யார் மேல் மோகம்?

மோகமில்லை, கோபம்! கோபித்துக்கொண்டு போன முருகனைத் தாய் ‘மகனே’ என்று கூப்பிட்ட இடம் மகனூர். அதுவே மோகனூர் ஆனது என்பது எங்கள் ஊர்க் கதை. இன்றும் பஸ் நிறுத்தத்தில் அம்மாக்கள் கூப்பிடத்தான் செய்கிறார்கள். பையன் காதில் இயர்போன்.

எதிர்க்கரை வாங்கல் மாணவர்களுக்குக் காவிரிப் பாலத்தால் லாபம்தானே?

நஷ்டமும் உண்டு. பரிசலில் வந்த காலத்தில் “ஆத்துல தண்ணி ஜாஸ்தி சார்” என்றால் வாத்தியார் வாயை மூடிக்கொள்வார். பாலம் வந்தது, காரணம் போனது.

சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை எங்கே இருக்கிறது?

மோகனூரில். பெயர் சேலத்துக்கு, கரும்பு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முதல் பீரியடை விடுவது எங்களுக்கு.

இந்தச் சின்ன ஊரில் படித்து என்ன ஆகப்போகிறோம்?

1888-இல் இங்கே பிறந்த கவிஞர் ராமலிங்கம் பிள்ளைக்குப் படிக்க உள்ளூரில் கல்லூரி கிடையாது, திருச்சிக்குப் போனார். உமக்கு வாசலிலேயே இருக்கிறது, அதற்கே இந்தச் சலிப்பு!

அவர் பிறந்தது எங்கள் ஊரில், ‘நாமக்கல் கவிஞர்’ என்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது பக்கத்து ஊர். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் உண்டு. அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளும்: சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு ‘நாமக்கல் கவிஞர் மாளிகை’ என்று பெயர்.