சுவரைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்

கே: இத்தாலியில் உழைத்த காசு இருக்கிறது. சிலாபம் டவுனில் ஒன்றரைக் கோடிக்கு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் இருந்தே சாப்பிடலாமா?

ப: சாப்பிடலாம் தம்பி, ஒரு வேளை. மாதம் நாற்பதாயிரம் வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கூட்டினால் ஏறக்குறைய 6 இலட்சம்! முதல் வாடகைக்காரர் சாமான் இறக்குமுன்னே ஒரு வருஷத்துக்கும் மேலான வாடகை போய்விட்டது. நொத்தாரிசின் கட்டணம் வேறு. பிறகு சோலை வரி, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள், கடற்காற்று தின்னும் ஜன்னல் கம்பிகள். எல்லாம் கழித்தால் கையில் நிற்பது மூன்று வீதம்கூட இல்லை. அதே காசுக்கு நிலையான வைப்பில் எட்டு வீதம் கிடைத்தால் வருஷம் 12 இலட்சம்.

கே: அப்படியென்றால் பாங்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்?

ப: 2022 மறந்துவிட்டதா? அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. வைப்புப் புத்தகத்தில் தொகை குறையவில்லை, அரிசிக் கடையில் குறைந்தது. காணி வைத்திருந்தவர்கள் அவ்வளவு ஆடிப்போகவில்லை. ஆகவே கடன் வாங்காமல், பத்து வருஷம் விற்காமல் இருக்க முடிந்தால் வீடு வாங்குங்கள். மாதச் சம்பளம் போல வாடகையை நம்பி வாங்காதீர்கள். வாங்குவதானால் ஆஸ்பத்திரிக்கோ பாடசாலைக்கோ கிட்ட வாங்குங்கள். இடமாற்றத்தில் வரும் டொக்டர்மாரும் ஆசிரியர்மாரும் வீடு தேடிக்கொண்டே இருப்பார்கள்.

கே: தெதுறு ஓயாப் பக்கம் மலிவாக ஒரு வீடு வருகிறது. பெயின்ட் கூட புதிது.

ப: அந்தப் புதுப் பெயின்ட்தான் எனக்குப் பயம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு ஆறு பெருகியதைச் சிலாபம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அலுமாரியை நகர்த்தச் சொல்லி அதன் பின்சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டம் பழுப்புக் கோடாக அங்கே தப்பியிருக்கும். பிளக் பொயின்ட்கள் எல்லாம் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தால் ஏனென்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். குழந்தைகளோடு ஒரு குடும்பம் அந்த வீட்டில் படுக்கப்போகிறது. உங்கள் பிள்ளைகளைப் படுக்கவைக்கத் துணியாத வீட்டுக்கு வாடகை வாங்க வேண்டாம்.

கே: வாடகைக்காரர் எழும்ப மறுத்தால்?

ப: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்பது 1840 முதல் உள்ள சட்டம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்க 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் குறுக்குவழியும் தந்திருக்கிறது. நீங்களும் முற்பணத்தைத் தொடாமல் வையுங்கள். அது அவருடைய காசு.

கே: பேசாமல் தென்னங்காணி வாங்கட்டுமா?

ப: ஏக்கருக்கு 64 மரம், இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு. மரம் வாடகைப் பாக்கி வைக்காது. ஆனால் இந்த வருஷ வறட்சி அடுத்த வருஷக் காயில்தான் தெரியும். விலை பேசுமுன் போன வருஷ மழையை விசாரியுங்கள்.