மொதல்ல ரப்பரை மாத்துலே

ஏலே பேராண்டி, காதுல சொருகியிருக்கதக் கொஞ்சம் கழத்து. ரெண்டையுந்தான். பெரியவங்க சொல்லுதத இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுதானுவன்னு எங்க காலத்துல பயலுவள வைவாக. ஒனக்கு அதுக்கும் வழியில்ல, ரெண்டு பக்கமும் அடப்பு.

799 ரூவாயா? சரி. வாங்குனதுக்கு நான் வையல. ‘பேஸே இல்லடா, சத்தம் சப்புன்னு இருக்கு, அரை மணி நேரத்துல காது வலிக்கு, இதத் தள்ளிவிட்டுட்டு அய்யாயிரத்துக்கு ஒண்ணு வாங்கப் போறேன்’னு ஒன் சேக்காளிகிட்ட போன்ல சொன்னியே, அதுக்குத்தான் கூப்பிட்டேன். தாத்தாவுக்குக் கேக்காதுன்னு நெனச்சியாக்கும்? ஒங்க ஆச்சி கூப்பிட்டா மட்டுந்தான் எனக்குக் கேக்காது. அது வயசால வந்ததில்ல, பழகி எடுத்த வித்த.

சத்தத்தப் பத்திப் பேச எனக்கு என்ன யோக்கியதன்னு கேட்டிராத. சுத்துப்பட்டில காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை அம்புட்டுக்கும் மைக் செட் கட்டுனவன் நான். வேப்பமரத்து உச்சியில ஏறி, கொழாய எந்தத் தெசைக்குத் திருப்புனா பக்கத்து ஊருக்காரன் ஒறக்கம் கெடும்னு கணக்குப் போட்டுக் கட்டுனவன். அந்தக் கொழாய்க்குப் பின்னால ஒரு யூனிட்டு இருக்கும். யூனிட்டுக்குள்ள காந்தம், கம்பிச் சுருளு, மெல்லிசா ஒரு தகடு. கரண்டு வந்தா சுருளு ஆடும், சுருளோட சேந்து தகடு ஆடும், தகடு காத்தத் தள்ளும். அம்புட்டுத்தான் சத்தம். ஒங்காதுல இருக்கதும் அதே சாமான்தாம்லே, குட்டியாச் செஞ்சிருக்கான்.

எங்க கொழாய்ல ஒரு கொற உண்டு, அடிச்சத்தமே வராது. தவில் வாசிச்சா தொப்பிப் பக்கம் காணாமப் போயிரும், வலந்தல மட்டும் நாலு ஊருக்குக் கேக்கும். பேஸுன்னா என்னன்னு தெரியாமலே எங்களுக்கு வயசு போயிட்டு. ஒங்களுக்குப் பேஸத் தவிர வேற எதுவும் வேண்டாம். ரெண்டு தலமொறைக்கும் நடுவுல, பாடுனவன் தொண்டையத்தான் ஒருத்தனும் கேக்கல.

காலைல திண்ணையில கெடந்த ஒன் அட்டப்பொட்டிய எடுத்து வாசிச்சேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கவன் கூட இம்புட்டுப் பொய்யப் பெரிய எழுத்துல போடமாட்டான். பொய்யுன்னும் சொல்ல முடியாது, அதுதான் சாமர்த்தியம். 13 எம்.எம். டிரைவர்னு போட்டிருக்கான். தகடு பெருசா இருந்தா நல்லாப் பாடும்னு எவம்லே சொன்னது? 6 எம்.எம்.ல சுத்தமாப் பாடுததும் உண்டு, 13 எம்.எம்.ல தொண்ட கட்டிக் கெடக்கதும் உண்டு. எதத் தூக்கி எதத் தணிச்சு வச்சிருக்காங்கதுலதான் விசயமே. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு இன்னொரு வரி. அது மனுசக் காதோட எல்ல. எல்லாப் பொட்டியிலயும் அதத்தான் போடுவான். அந்த எல்லைக்குள்ள எந்த எடத்துல எம்புட்டுச் சத்தம்னு எவனும் போடமாட்டான். இருபதாயிரத்துக்குப் பக்கத்துல வார கீச்சு என் வயசுக்கு எங்க கேக்கப் போவுது? காது மேல இருந்துதான் கழண்டுக்கிட்டே வரும்.

40 மணி நேரம் ஓடுமாம். ஒரு சார்ஜுக்கு அஞ்சாறு மணி நேரம் ஓடும், பொறவு டப்பாவுக்குள்ள வச்சு வச்சு ஏத்தி எடுக்கணும். எல்லாத்தையும் கூட்டித்தான் 40. அதுவும் சத்தத்தப் பாதியில வச்சு எண்ணுன கணக்கு. நீ வைக்குத சத்தத்துக்கு அது வேற கணக்கு. ஐ.பி.எக்ஸ். 4ங்கான். தெறிக்க தண்ணிக்குத் தாங்கும், வேர்வைக்குத் தாங்கும், அதப் போட்டுக்கிட்டுக் கெணத்துல குதிச்சிராத. நடுவுல நிக்க எக்ஸு தூசிக்குச் சோதிச்சுப் பாக்கலங்கதுக்கு. நம்ம ஊருப் புழுதிக்கு அந்த எக்ஸத்தான் கண்ணாடி போட்டுப் பாக்கணும்.

எல்லாத்தையும் விட எனக்குச் சிரிப்பு வந்தது அந்த இ.என்.சி.தான். நேத்து பஸ்ஸ விட்டு எறங்குனதும் என்னா குதி குதிச்ச! ‘எரச்சலக் கொறைக்கும்னு போட்டிருக்கான், பஸ் எரச்சல் அப்படியே கேக்கு, ஏமாத்திட்டான்’னு. ஏலே, அது ஒனக்கு இல்ல, ஒங்கூடப் பேசுதவனுக்கு. நீ பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசையில, மைக்கு வழியாப் போற சளசளப்ப வடிகட்டி அந்தப் பக்கம் அனுப்புத ஏற்பாடு அது. ஒங்காதுக்கு வார எரச்சல அடக்குதது ஏ.என்.சி. அது வெளிச்சத்தத்த ஒரு மைக்கால புடிச்சு, அதுக்கு நேர் எதிர் அலைய உள்ள விட்டு, ரெண்டையும் மோதவிட்டு அடக்கும். அதுலயும் எஞ்சின், ஃபேனுன்னு ஒரே சீரா உறுமுதது நல்லா அடங்கும். பக்கத்து சீட்டுக்காரி மருமகளப் பத்திச் சொல்லுதது அம்புட்டா அடங்காது. அதக் கேக்கத்தானலே நாம பஸ்ல போறதே! ஆக, நீ காசு குடுத்து வாங்கியிருக்கது அடுத்தவன் காதுக்குச் சவுரியம். நல்லா இரு, புண்ணியமாப் போவும்.

இப்ப அந்த அய்யாயிரத்துக்கு வருவோம். ஒங்க அக்கா, காலேஜ்ல படிக்கவ, ஒரு சங்கதி வாசிச்சுக் காட்டுனா. 2017ல யெரூன் பிரேபார்ட்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு 283 ஹெட்போன்களோட அளவுகள எடுத்து வச்சுப் பாத்திருக்காரு. காதுக்குள்ள வைக்குதது, காது மேல வைக்குதது, காத மூடுதது எல்லாம் அதுல சேத்தி. எந்த சுருதி எம்புட்டு ஏறி எறங்குதுங்கதுக்கும், கடையில போட்டிருக்க வெலைக்கும் சம்பந்தமே காணும்னு எழுதிட்டாரு. அதுக்காக இரநூறு ரூவாச் சாமானும் இருபதாயிரம் ரூவாச் சாமானும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஒழைக்குதது, மைக்கு, எரச்சல அடக்குதது, கெட்டுப் போனா எடுத்துக்கிடுதது, இதெல்லாம் வெலையில ஏறும். கூடக் குடுத்தா கூடப் பாடும்னு மட்டும் நெனைக்காத.

அதே காசுக்கு வயர் வச்சது வாங்குனா என்ன ஆகும், ரோசன பண்ணிப் பாத்தியா? வயர் இல்லாததுல 799 ரூவா எத்தன பேருக்குப் பங்கு போவுது பாரு. ரெண்டு காதுக்கும் தனித்தனி பேட்டரி, தனித்தனி புளூடூத் சிப்பு, மைக்கு, டப்பா, டப்பாவுக்குள்ள இன்னொரு பேட்டரி. எல்லாருக்கும் அள்ளிவச்ச பொறவு தகட்டுக்கு என்ன மிஞ்சும்? வயர் வச்சதுல பெரும்பங்கு தகட்டுக்கும் கூட்டுக்குமே போவும். சீனாவுல மூன்டிராப்னு ஒரு கம்பெனி, 2022ல ‘சூ’ன்னு ஒண்ணு எறக்குனான். வெல கிட்டத்தட்ட 20 டாலர்தான். வெலகூடுனத வச்சிருந்தவன் எல்லாம் தன் காதத் தடவிப் பாத்தான். அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, தனியாக் காசுக்கு விக்க நல்ல ரப்பரை அதோட சேத்தே குடுத்தான். ரப்பரோட அரும தெரிஞ்சவன். ஆனா 2016லயே ஐபோன் 7ல வயர் சொருகுத ஓட்டைய எடுத்துட்டான், ஒவ்வொருத்தனா பின்னாலயே போயிட்டான். ஒன் போன்லயும் ஓட்ட இல்ல, அதனால இந்தப் பேச்ச விடுதேன்.

எல்.டி.ஏ.சி. இருக்கதத்தான் வாங்கணும்னு ஒன் சேக்காளி சொன்னானாம். புளூடூத்துல பாட்ட அனுப்புத ஒரு முறை அது. நொடிக்கு 990 கிலோபிட் வரைக்கும் அனுப்பும், மெய்தான். அவன் அதுல என்னத்தக் கேக்கான்? வாட்ஸப்புல வந்த பாட்ட. எல்லா புளூடூத்துலயும் கெடக்க எஸ்.பி.சி.யே பஸ்ஸுக்கும் தறிக்கூடத்துக்கும் தாராளம். நீ கேம் வெளையாடுதவன், பிந்தி வார சத்தத்த வேணும்னா கவனி. படம் பாக்கையில போனே படத்தக் கொஞ்சம் தாமதிச்சு வாயும் வசனமும் சேரும்படி பண்ணிக்கிடும். வெளையாட்டுல அது நடக்காது. எதிராளி செத்து விழுந்த பொறவு வெடிச் சத்தம் வரும்.

சரி, காதக் காட்டு. ம்ம்... நெனச்சேன். டப்பாவப் பிரிக்கையில மாட்டியிருந்த நடு சைசு ரப்பரு அப்படியே இருக்கு. ஒங்காதுத் தொள நம்ம குடும்பத்துத் தொள, பெருசு. எங்கம்மைக்குப் பாம்படம் தோளத் தொட்டு ஆடும், அது மடலோட சங்கதி, இது உள்ள. ரப்பருக்கும் தொளைக்கும் நடுவுல ஒரு மயிரெழ சந்து கெடந்தாப் போதும், அடிச்சத்தம் பூரா அது வழியா வெளிய போயிரும். மேல் சத்தம் மட்டும் உள்ள வரும். அதத்தான் நீ சப்புன்னு இருக்குங்குத. தகட்டு மேல குத்தம் இல்ல, 799 ரூவா மேலயும் குத்தம் இல்ல. போன்ல பேஸத் தூக்கி வச்சிருக்கியே, தூக்கத் தூக்க அதுவும் வெளியதான் போவுது.

பெரிய ரப்பரை மாட்டு. வலது காதுக்குச் சொருகையில இடது கையத் தலைக்குப் பின்னால கொண்டுபோயி, மடல மேலயும் பின்னாலயும் இழு. வளஞ்சு கெடக்க தொள நிமிந்துக்கிடும். அப்ப உள்ள விட்டு லேசா ஒரு திருகு. பாட்டு ஓடையிலயே வெரலால மெள்ள அமுக்கிப் பாரு. அமுக்குனதும் பேஸ் குபுக்குன்னு கூடுச்சுன்னா ரப்பரு இன்னும் பத்தல. அமுக்கியும் மாறலன்னா சரியா ஒக்காந்துட்டு. ரெண்டு காதும் ஒரே அளவாத்தான் இருக்கணும்னு சட்டமா என்ன? ஒண்ணுக்குப் பெருசு, ஒண்ணுக்கு நடுத்தரம் போட்டுக்கோ. பொண்ணு பாக்க வாரவுக காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கமாட்டாக.

வலிக்குன்னியே, எங்கன வலிக்கு? தொளைக்குள்ளயே வலிச்சா ரப்பரு பெருசு, ஒரு சைசு எறங்கு. வெளிய, மடலுக்கு உள்பக்கத்துக் குழிவுல, குருத்தெலும்பு மேல அழுத்துதுன்னா அந்தக் கூடே ஒங்காதுக்கு ஒத்து வராது. என்ன ரப்பர் மாத்தியும் பிரயோசனம் இல்ல. வேற உருவத்துலதான் பாக்கணும். கடையில போட்டுப் பாக்க விடமாட்டான், விட்டாலும் அடுத்தவன் காதுல கெடந்தத நீ போடாத. அதனால திருப்பி எடுத்துக்கிடுதவன்கிட்டதான் வாங்கணும். வெல இருநூறு கொறச்சல்னு எடுத்துக்கிடாதவன்கிட்ட வாங்கிட்டு வந்து நிக்காத. பஞ்சு கணக்கா ஃபோமுல ரப்பரு தனியா விக்கான். உருட்டி மெலிசாக்கி உள்ள விட்டா மெள்ள விரிஞ்சு அடச்சுக்கிடும், வலி கம்மி. ஆனா வேர்வையும் அழுக்கும் ஏறிச் சீக்கிரம் பாழாப் போவும்.

நல்லா அடச்சாலும் ஒரு தொந்தரவு உண்டு, இப்பமே சொல்லிருதேன், பொறவு என்னையும் சேத்து வையாத. முறுக்கு கடிச்சா மண்டைக்குள்ள ரைஸ் மில்லு ஓடுத மாதிரி இருக்கும். எலும்பு வழியா வார சத்தம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கிருது. அது பொறுக்காதவனுக்கு, ரப்பரே இல்லாம பாதி உள்ள நிக்க தினுசு இருக்கு. காத்தோட்டமா இருக்கும், அரிக்காது. அதுகிட்டப் போயி பேஸு கேக்காத.

ஒரு பக்கம் சத்தம் கொறஞ்சா ஒடனே கம்பெனியத் திட்டிக்கிட்டுக் கெளம்பிராத. ரப்பரைக் கழத்தி, மூக்குல இருக்க வலையப் பாரு. ஒன் காதுக் குறும்பிதான் அடச்சிருக்கும். காஞ்ச மெல்லிசு பிரஷால, வலை கீழ பாக்கும்படி புடிச்சுத் தட்டு. ஊக்கு எடுத்துக் குத்துனா வலையும் போவும், உள்ள தகடும் போவும்.

ரப்பரு சரியில்லன்னா வார கேடு இன்னொண்ணு. பஸ் எரச்சலுக்கு மேல பாட்டுக் கேக்கணும்னு ஏத்துவ. எரச்சல் இன்னும் வருதுன்னு இன்னும் ஏத்துவ. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம்ங்கு. 90க்கு ஏத்துனா வாரம் பூராவுக்கும் சேத்து 4 மணி நேரந்தான். நீ அத திங்கக்கெழமையே முடிச்சிருவ. சத்தத்தப் புடிக்க உள்காதுல நுணுக்கமா மயிர்ச் செல்லு இருக்கு, கருகுனா மொளைக்காது. தலமயிர நட்டுக் குடுக்க டவுன்ல ஆஸ்பத்திரி வந்துட்டு, இந்த மயிர நட ஒருத்தனும் வரல. செவிடன் காதுல சங்கு ஊதுனாப்லன்னு ஒரு சொலவட உண்டு. சங்க ஊதி ஊதியே செவிடாவுதது ஒங்க காலத்து ஏற்பாடு.

என்னலே முழிக்க? பெரிய ரப்பருக்கு எங்க போவன்னா? அட்டப்பொட்டிக்குள்ள அடியில ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர் கெடக்கும், எஸ்ஸு ஒரு சோடி, எல்லு ஒரு சோடி. நீ பிரிச்சே பாத்திருக்க மாட்ட. பொட்டிய திண்ணையிலதான் வச்சிருந்தேன்... ஒங்க ஆச்சி வெந்நி அடுப்பு பத்த வைக்க அட்ட தேடிக்கிட்டு இருந்தா. ஓடுலே, கொல்லப் பக்கம் பொக வருது!