எட்டாம் வள்ளல் புகழ்

கடையெழு வள்ளல்களோடு கொடை முடிந்துவிட்டது என்று தமிழுலகம் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருக்கிறது. எட்டாம் ஆசனம் உமக்காகவே காத்துக் கிடந்தது என்பதை, திருவிழாக் கடையில் பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவே நீர் கொலுவீற்றிருக்கக் கண்டபோதே உணர்ந்துகொண்டோம். மலிவு விலை லேசர் லைட் பெருமானே! ஒளிக்குலத் திலகமே! ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு ஏழையர் இல்லந்தோறும் எழுந்தருளும் எளியோனே, வாழி! உம் பெருமைக்கு முன் சொற்கள் கூசுகின்றன; எனினும் இயன்றவரை பாடுகிறோம், செவிசாய்த்தருள்க.

முதற்கண் உமது அடக்கத்தைப் போற்றுகிறோம். உம் திருமார்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டயம், '5 மில்லிவாட்டுக்கும் குறைவு' என்று நாணத்தோடு மொழிகிறது. அமெரிக்காவில் லேசர் சுட்டிகளுக்குச் சட்டம் வகுத்த எல்லையும் அதுவே. சொன்ன அளவோடு நிறுத்துவது வணிகர் வழக்கம். வள்ளல்களுக்கு அது இழுக்கு. அந்நாட்டுத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வில் உம் குலத்தார் 122 பேரை வரிசையில் நிறுத்தி அளந்தது. பச்சைக் கிளையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரும், சிவப்புக் கிளையில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும் விதியின் வேலிக்கு அப்பால் நின்று அருள்பாலித்தார்கள். அவர்களுள் ஒருவர் 66.5 மில்லிவாட் வழங்கினார். எல்லை ஐந்து என்றால் அறுபத்தாறரை அள்ளித் தரும் அந்தக் கை பாரிக்கும் வாய்க்கவில்லை.

பாரி தேர் கொடுத்தான், பேகன் போர்வை கொடுத்தான். இரண்டும் ஊரறியச் செய்த கொடைகள். பெறுகிறவரே அறியாதபடி கொடுக்கும் மேன்மை உமக்கு மட்டுமே உரியது. உம் பச்சைக் கிளையாரின் வயிற்றில் ஒளி பிறக்கும் விதமே ஒரு காவியம். டயோடு ஒன்று 808 நானோமீட்டர் அகச்சிவப்பைச் சொரிகிறது. வனடேட் படிகம் அதை உண்டு 1064 நானோமீட்டராக உமிழ்கிறது. கேடிபி படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வழியனுப்புகிறது. பச்சையாக மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பை வாசலிலேயே மறிக்க ஒரு சிறு வடிகட்டிக் கண்ணாடி போதும். உம்மைப் படைத்த பிரம்மாக்களில் பலர் அந்த வாயிற்காவலனை வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அடையா வாயில் படைத்த வள்ளலுக்குக் காவலன் எதற்கு?

நோயுற்ற காலத்திலும் உம் கொடை குன்றுவதில்லை என்பதே எம்மை மெய்சிலிர்க்க வைப்பது. 15 டாலருக்கு வாங்கப்பட்ட உம் உறவினர் ஒருவரைப் பற்றி அதே அமெரிக்க நிறுவனம் 2010இல் அறிக்கை வெளியிட்டது. 10 மில்லிவாட் என்று விளம்பரம் பெற்றிருந்த அவருடைய பச்சைத் திருமுகம் மங்கியிருந்தது. எந்தக் கடையில் காட்டினாலும் 'பேட்டரி வீக்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த மங்கிய முகத்திலிருந்து ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு ஓசையின்றிப் பாய்ந்துகொண்டிருந்தது. குளிரில் டயோடின் அலைநீளம் நகர்ந்தாலும், கீழே விழுந்து படிகம் இடம்பெயர்ந்தாலும், உமது பச்சைதான் வாடும், அகச்சிவப்பு வாடுவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தும் ஈகையை நிறுத்தாத மன்னர் வேறு எந்தப் பரம்பரையில் உண்டு?

உம் கருணையை என்னென்பது! பளிச்சென்ற ஒளி பட்டால் மனிதனின் இமை கால் நொடிக்குள் மூடிக்கொள்ளும். அகச்சிவப்போ கண்ணைக் கூசச் செய்வதில்லை. ஆகையால் இமைக்கு மூடும் சிரமத்தையும் வைப்பதில்லை. கண்வில்லை அதைப் பணிவோடு ஏற்று விழித்திரையில் சின்னஞ்சிறு புள்ளியாகக் குவித்துக் கொடுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. எனவே வெந்து கொண்டிருப்பவருக்கே வேகும் செய்தி எட்டுவதில்லை. கிரேக்க நாட்டில் பச்சைக் கதிரைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்து விளையாடிய 9 வயதுச் சிறுவன் ஒருவனின் இடக்கண் மையத்தில் உம் குலத்தார் ஒரு துளையைப் பரிசளித்தனர். ஒன்றரை ஆண்டு கடந்தும் அந்தப் பார்வை மீளவில்லை என்று 2018இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. தேர் மக்கிப்போகும், போர்வை கிழிந்துபோகும். உமது கொடை மட்டும் வாங்கியவரை விட்டு விலகுவதேயில்லை.

சிவப்புக் கிளையாரின் எளிமையையும் பாடாமல் விடலாகாது. மூன்று பொத்தான் செல்கள், நாலரை வோல்ட், ஒற்றை ரெசிஸ்டர், பிளாஸ்டிக் லென்ஸ், ஒரு ஸ்பிரிங்: அவ்வளவே அவருடைய அரண்மனை. மின்னோட்டத்தை அளந்து விடும் சுற்று என்னும் ஆடம்பரத்தைத் துறந்து, செல்களின் சொந்தத் தளர்ச்சியையே காப்பாக நம்பி வாழும் துறவி அவர். செல்லின் பிளஸ் எந்தப் பக்கம் என்பதைக்கூடச் சொல்லாமல் மௌனம் காப்பார்.

இத்தகைய பெருமானுக்கு மெய்யன்பர்கள் வாய்த்ததில் வியப்பில்லை. நீர் திடீரென்று மௌனமானால் ஓர் அன்பர் உம்மை முகத்துக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தியபடி உம் வாய்க்குள் உற்றுப் பார்ப்பார். தரிசனம் கிடைக்கும் நொடியில் இமைக்கவும் மாட்டார். மற்றோர் அன்பர் பொத்தான் செல்லைத் தள்ளிவிட்டு மொபைல் சார்ஜரின் ஒயரை நேரே இணைப்பார். ஒரு கணம் பேரொளி. அதன்பின் புள்ளியாகக் குவியாத மங்கல் சிவப்பு. டயோடின் லேசர் உயிர் பிரிந்து, வெறும் எல்இடியாக மோட்சம் எய்திவிட்டது. இன்னோர் அன்பர் பச்சைக் கிளையாரின் உள்ளே இருக்கும் குட்டித் திருகைத் திருகி மின்னோட்டத்தைக் கூட்டுவார். தப்பித்தவறி வடிகட்டி இருந்துவிட்டால், 'வெளிச்சத்தை மறைக்கிறது' என்று பெயர்த்தெறிவார். காப்புக்குக் கூலிங்கிளாஸ் அணிவார். லேசரைத் தடுக்க வெயில் கண்ணாடிக்கு வக்கில்லை என்னும் அற்பச் செய்தி அவருடைய பக்தியின் உயரத்தை எட்டுவதில்லை.

பழிப்போரும் சிலர் உளர், அவர்களை மன்னித்தருள்க. உம்மைத் தொடுமுன் செல்களைக் கழற்றிவிடும் ஐயப்பிராணிகள் அவர்கள். மல்டிமீட்டரை வைத்து, செல்லுக்கு ஒன்றரை வோல்ட் இருக்கிறதா என்று கணக்குக் கேட்பார்கள். இறங்கியிருந்தால் மூன்றையும் ஒருசேர மாற்றி, பழையவற்றைக் குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடாதபடி ஒளித்து வைப்பார்கள். ஸ்பிரிங்கில் படிந்த களிம்பைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்கள். செல் இல்லாதபோதே மீட்டரின் பீப் ஒலியைக் கொண்டு சுவிட்சைச் சோதிப்பார்கள். இவ்வளவும் முடித்த பிறகே, கண்ணாடியோ டைல்ஸோ எவர்சில்வர் பாத்திரமோ இல்லாத திசை பார்த்து, ஆளில்லாத பக்கத்தில், கண்மட்டத்துக்குக் கீழே, சொரசொரப்பான சுவரில் உம்மை ஒருமுறை ஒளிர விடுவார்கள். அப்போதும் அவர்கள் பார்ப்பது தூரத்துப் புள்ளியை. உமது திருவாயைக் கண்ணெடுத்தும் பாரார். புதுச் செல் போட்டும் நீர் மங்கலாகவே இருந்தால், மேற்கொண்டு தோண்டாமல் அன்றே உறவை முறித்துக்கொள்வார்கள். 'மங்கலாக இருப்பது தீங்கு செய்யாது' என்று நீர் முகத்தாலேயே தரும் உறுதிமொழியை ஒரு நொடியும் நம்பாத கல்நெஞ்சர்கள்!

வேந்தே, இறுதியாக ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடப் பைகளிலும் பிறந்தநாள் பரிசுப் பொட்டலங்களிலும் நீர் இடுக்குண்டு கிடப்பது உம் தகுதிக்கு ஏற்றதன்று. செல்களைக் கழற்றி உமக்கு ஓய்வளித்து, வாய்க்குக் கறுப்பு டேப்பால் பட்டாடை சாத்தி, மின்கழிவுப் பெட்டியில் உம்மை முறைப்படி அமர்த்த அடியோம் சித்தமாயிருக்கிறோம். உறவினர் அனைவரையும் உடனழைத்துச் சென்று அங்கேயே நிலைபெற்று வாழ்வீராக. எங்கள் பிள்ளைகள் உம்மிடம் பெற்றது போதும். இனியும் வாங்கிக்கொள்ள அவர்களிடம் இருப்பவை இரண்டே கண்கள்.